கம்பெனி போனால் ஆஸ்பத்திரியும் போகும்: நெய்வேலியிலிருந்து கோலார் வரை

(ஒலிப்பதிவின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சில் வந்த தயக்கங்களையும் திரும்பச் சொன்னவற்றையும் நீக்கியிருக்கிறோம்.)

நெய்வேலி டவுன்ஷிப்பில் வளர்ந்த யாராவது உங்க ஆபீஸில் இருந்தால் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க. சின்ன வயசுல காய்ச்சல் வந்தா டாக்டர் ஃபீஸ் எவ்வளவு? அவங்க கொஞ்சம் முழிப்பாங்க. ஃபீஸா? அப்பாவோ அம்மாவோ என்.எல்.சி.யில் நிரந்தர ஊழியர் என்றால் டாக்டருக்குப் பணம் கொடுக்கிற பழக்கமே அந்த வீட்டில் கிடையாது. என்.எல்.சி. ஜெனரல் ஆஸ்பத்திரிக்குப் போவாங்க, சீட்டு வாங்குவாங்க, டாக்டரைப் பார்ப்பாங்க, மாத்திரை வாங்கிக்கிட்டு வீட்டுக்கு வருவாங்க. பிரசவம், எலும்பு முறிவு, பாட்டியின் சர்க்கரை எல்லாத்துக்கும் அதே கட்டிடம்தான். நம்ம தலைமுறை 'கேஷ்லெஸ்' என்று இன்சூரன்ஸ் விளம்பரத்தில் பார்ப்பதை நெய்வேலி பல பத்தாண்டுகளாக அந்த வார்த்தையே தெரியாமல் வாழ்ந்திருக்கிறது.

ஆஸ்பத்திரி மட்டும் இல்லை. வீடு, குடிதண்ணி, கரண்ட், ஸ்கூல், மார்க்கெட், ரோட்டோர மரம் வரைக்கும் கம்பெனியோடது. ஊரின் பகுதிகளுக்கு 'வட்டம்' என்று நம்பர்தான். 1935 வாக்கில் ஜம்புலிங்க முதலியார் என்கிற நிலக்காரர் தன் நிலத்தில் போட்ட கிணற்றில் தண்ணியோடு கருப்பாக ஏதோ வருவதைக் கவனித்தார். அதிலிருந்து தொடங்குகிறது கதை. 1956 நவம்பர் 14 அன்று நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் கம்பெனியாகப் பதிவானது. 1957 மே மாதம் நேரு வந்து தோண்டும் வேலையைத் தொடங்கி வைத்தார். 1962இல் சோவியத் உதவியோடு முதல் அனல்மின் நிலையம் ஓட ஆரம்பித்தது. ஒரு சுரங்கத்துக்காக ஒரு ஊரையே கட்டும்போது ஆஸ்பத்திரியையும் சேர்த்துக் கட்டித்தான் ஆகணும். விருத்தாசலம், பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்புக்கு நடுவில் வேறு யார் வந்து கட்டப் போறாங்க?

இந்த எபிசோட் அந்த ஆஸ்பத்திரியைப் புகழ்வதற்காக இல்லை. வைத்தியம் உங்க முதலாளி கையில் இருக்கும்போது முதலாளிக்கு நெருக்கடி வந்தால் உங்க உடம்புக்கு என்ன ஆகும் என்பதுதான் கேள்வி.

இது எனக்கு ஏன் தோன்றியது என்று சுருக்கமாகச் சொல்லிடறேன். நான் முன்பு வேலை பார்த்த ஒரு ஸ்டார்ட்அப்பில் பணம் தீர்ந்துவிட்டது. பெயர் வேண்டாம். ஒரு வெள்ளிக்கிழமை எங்களில் பாதிப் பேருக்கு மெயில் வந்தது. லேப்டாப்பை எப்போது திருப்பித் தரணும், மிச்ச லீவுக்கு என்ன கணக்கு என்று எல்லாம் விவரமாக இருந்தது. ஏழாவது பாயின்ட்டில் ஒரே வரி: குரூப் மெடிக்கல் பாலிசி கடைசி வேலை நாள் நள்ளிரவோடு முடியும். என் டீமில் ஒருத்தருடைய அப்பாவுக்கு வாரம் மூணு தடவை டயாலிசிஸ். அந்த பாலிசியில்தான் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அது ஏழாவது பாயின்ட். அவர் அந்த மெயிலில் அதைத் தவிர வேறு எதையும் படித்திருக்க மாட்டார்.

சரி, வரலாற்றுக்கு வருவோம். நெய்வேலி நட்டத்தில் மூழ்கிய கம்பெனி கிடையாது, லாபத்தில் ஓடுகிற நவரத்னா. ஆனால் நெய்வேலிக்கு ஒரு மூத்த சகோதரி உண்டு. அந்த ஊரிலும் சுரங்கம், கம்பெனி வீடு, கம்பெனி ஆஸ்பத்திரி, தமிழ் பேசும் தொழிலாளர்கள். என்.எல்.சி. பிறந்த அதே 1956இல்தான் அந்தச் சுரங்கங்கள் வெள்ளைக்காரக் கம்பெனியிடமிருந்து மைசூர் அரசின் கைக்கு வந்தன. அந்த ஊர் கோலார் தங்க வயல். கே.ஜி.எஃப்.

யஷ் நடித்த படத்தைக் கொஞ்ச நேரம் மறந்துடுங்க. பா. ரஞ்சித்தின் 'தங்கலான்' பார்த்திருந்தால் இந்தக் கதையின் தொடக்கத்துக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருக்கீங்க. 1880 வாக்கில் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்கிற லண்டன் கம்பெனி அங்கே நவீன சுரங்க வேலையை ஆரம்பித்தது. பாறைக்குள் இறங்க ஆள் வேணும். வட ஆற்காடு, சேலம், சித்தூர் பக்கங்களிலிருந்து மக்கள் போனார்கள். பெரும்பாலும் நிலம் இல்லாத, ஊருக்கு வெளியே வைக்கப்பட்டிருந்த தலித் குடும்பங்கள். பண்ணையாரிடம் அடிமைப்பட்டுக் கிடப்பதைவிடப் பூமிக்குள் போவது மேல் என்று முடிவெடுத்தவர்கள். மாரிக்குப்பம், ஊர்காம், சாம்பியன் ரீஃப், நந்திதுர்க் என்று லைன் வீடுகள் முளைத்தன. அயோத்திதாசரின் தமிழ் பௌத்தம் வேர் பிடித்த இடங்களில் அதுவும் ஒன்று. அதற்கே தனி எபிசோட் போடலாம், போடுவோம்.

ஒரு பக்கம் பங்களா, கிளப், கோல்ஃப் மைதானம் என்று குட்டி இங்கிலாந்து. இன்னொரு பக்கம் தட்டி வைத்துக் கட்டிய தொழிலாளர் லைன்கள். நடுவில் கம்பெனியின் ஆஸ்பத்திரி. இதைத் தர்மம் என்று யாரும் நினைக்க வேண்டாம். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போனது, ஒரு காலத்தில் உலகத்தின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று. அடியில் பாறையின் சூடு 60 டிகிரிக்கு மேல். மேலே இருக்கிற மலையின் எடை தாங்காமல் பாறை திடீரென்று வெடிக்கும், அதை 'ராக் பர்ஸ்ட்' என்பார்கள். அந்த மாதிரி இடத்தில் ஆஸ்பத்திரி என்பது பம்ப், லிஃப்ட், காற்றாடி மாதிரி சுரங்கத்தின் ஒரு உறுப்பு. உடைந்த ஆளைச் சரிசெய்து திரும்ப ஷிஃப்டுக்கு அனுப்பணும்.

(இதுக்கும் தலைப்புக்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் எஞ்சினியர்கள் கேட்கிற பாட்காஸ்ட் இது: 1965இல் வளிமண்டல நியூட்ரினோவை உலகத்தில் முதன்முதலாகப் பிடித்த இடங்களில் ஒன்று இந்தச் சுரங்கத்தின் அடிதான். மேலே உள்ள பாறை மற்ற கதிர்களை வடிகட்டிவிடும் என்பதால் அங்கே போனார்கள்.)

உடைந்த கை தெரியும், நசுங்கிய கால் தெரியும். கண்ணுக்குத் தெரியாதது தூசி. தங்கம் இருக்கிற பாறை பெரும்பாலும் குவார்ட்ஸ். அதை டிரில் பண்ணும்போது கிளம்புகிற சிலிக்கா தூசி நுரையீரலின் கடைசி அறை வரை போய் உட்கார்ந்து கொள்ளும். உடம்பு அதைச் சுற்றித் தழும்பு கட்டும். தழும்பு காற்றை வாங்காது. இதுதான் சிலிகோசிஸ். இதை முழுசாகக் குணமாக்குகிற மருந்து இன்று வரை இல்லை. டி.பி. வருகிற வாய்ப்பையும் இது கூட்டும். இந்தியாவில் சிலிகோசிஸ் பற்றி வந்த முதல் பெரிய மருத்துவ ஆய்வே கோலார் தங்க வயலிலிருந்துதான் வந்தது. 1940களில் 7,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்களைப் பரிசோதித்து 1947இல் வெளியிட்டார்கள். பரிசோதித்தவர்களில் 40 சதவீதத்துக்கு மேல் பாதிப்பு.

இந்த நோயின் ஒரு குணத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்க. வேலையை விட்டால் அது நிற்பதில்லை. தூசியை விட்டு வெளியே வந்து பல வருஷம் கழித்தும் தெரிய ஆரம்பிக்கலாம், தெரிந்தது முற்றிக்கொண்டே போகலாம். வேலை முடிந்த பிறகுதான் பலருக்கு வைத்தியமே அதிகம் தேவைப்படும்.

இப்போ கொஞ்சம் சட்டம். போர் அடிக்காது, ஏன்னா இதில்தான் முடிச்சு இருக்கு.

1943இல் பி.பி. அதார்கர் என்பவரிடம் தொழிலாளர்களுக்கு ஒரு உடல்நலக் காப்பீட்டுத் திட்டம் எழுதச் சொன்னது அன்றைய இந்திய அரசு. 1944இல் அறிக்கை கொடுத்தார். அதிலிருந்து பிறந்ததுதான் 1948ஆம் ஆண்டின் ஈ.எஸ்.ஐ. சட்டம். 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரில் நேரு தொடங்கி வைத்தார். உங்க சம்பளம் மாதம் 21,000க்குள் இருந்திருந்தால் சம்பளச் சீட்டில் அந்தப் பிடித்தத்தைப் பார்த்திருப்பீங்க. தொழிலாளி கொஞ்சம், முதலாளி அதைவிட அதிகமாக. 2019 ஜூலை கணக்குப்படி 0.75 சதவீதமும் 3.25 சதவீதமும்.

ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிகளைப் பற்றி எல்லாரும் குறை சொல்வோம், நானும் சொல்வேன். ஆனால் அதன் அமைப்பில் ஒரு பெரிய விஷயம் இருக்கு. பணம் உங்க கம்பெனிக்கு வெளியே போய் ஒரு பொது நிதியில் சேருகிறது. உங்க மில் மூடினாலும் அந்த நிதி மூடாது, பக்கத்து மில்லின் பணம் உள்ளே வந்துகொண்டே இருக்கும். 2005இல் இதோடு ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனா என்று ஒன்றைச் சேர்த்தார்கள். தொழிற்சாலை மூடி வேலை போனால், தகுதி உள்ளவர்களுக்குக் குறிப்பிட்ட காலம் வரை உதவித் தொகையும் அந்தக் காலத்துக்குக் குடும்பத்தோடு வைத்தியமும் உண்டு. மூடப்படும் ஆலையின் தொழிலாளிக்குப் படி கொஞ்சம் மெதுவாக இறங்குகிறது.

முடிச்சு எங்கே? 1948 சட்டத்தில் 'தொழிற்சாலை' என்றால் என்ன என்று விளக்குகிற இடத்தில் சுரங்கங்களை வெளியே விட்டுவிட்டார்கள். சுரங்கச் சட்டத்தின் கீழ் வந்த எந்தச் சுரங்கமும் இந்தச் சட்டத்துக்குத் தொழிற்சாலை ஆகவில்லை. நாட்டிலேயே மிக ஆபத்தான வேலைகளில் ஒன்று பொது நிதிக்கு வெளியே நின்றது. இதற்குச் சொல்லக்கூடிய நியாயமும் உண்டு: சுரங்கங்கள் பெரும்பாலும் ஊருக்கு ஒதுக்குப்புறம், அங்கே கம்பெனி ஆஸ்பத்திரி ஏற்கெனவே இருக்கு. சில கனிமங்களுக்குத் தனியாக நல நிதி வைத்தார்கள். மைக்காவுக்கு 1946இல், நிலக்கரிக்கு 1947இல், பிறகு இரும்புத்தாதுவுக்கு. வெட்டியெடுத்த கனிமத்தின் மீது தீர்வை போட்டு அந்தப் பணத்தில் ஆஸ்பத்திரி நடத்துவது. தங்கத்துக்கு அப்படி ஒரு சட்டம் வரவே இல்லை. கோலார்க்காரருக்கு இருந்த ஒரே காப்பீடு, கம்பெனி உயிரோடு இருப்பது.

எங்க தொழிலில் இதுக்கு ஒரு பேர் உண்டு, சிங்கிள் பாயின்ட் ஆஃப் ஃபெயிலியர். சம்பளம், வீடு, தண்ணி, ஸ்கூல், டாக்டர் எல்லாம் ஒரே சர்வரில்.

அந்த சர்வர் எப்படி விழுந்தது? மெதுவாக. ஆரம்ப காலத்தில் 1 டன் பாறையில் 40 கிராமுக்கு மேல் தங்கம் கிடைத்தது. கடைசிக் காலத்தில் 5 கிராமுக்கும் கீழே. ஆழம் கூடக் கூட ஒவ்வொரு டன்னையும் மேலே தூக்குகிற செலவு ஏறிக்கொண்டே போனது. இன்னொரு பக்கம், எடுத்த தங்கத்தைப் பல ஆண்டுகள் மத்திய அரசு உள்ளூர்ச் சந்தை விலைக்கு வாங்கவில்லை, அதைவிடக் குறைவான சர்வதேச அதிகாரபூர்வ விலையைத்தான் கொடுத்தது. அந்த நட்டத்தில் எவ்வளவு பாறையால் வந்தது, எவ்வளவு கணக்குப் புத்தகத்தால் வந்தது என்று தொழிற்சங்கங்கள் கேட்டதில் நியாயம் இருந்தது என்பது என் கருத்து. 1962இல் மத்திய அரசின் கைக்குப் போன சுரங்கங்கள் 1972இல் பாரத் கோல்ட் மைன்ஸ் லிமிடெட், அதாவது பி.ஜி.எம்.எல். ஆனது. 1992இல் நலிந்த தொழில்களுக்கான பி.ஐ.எஃப்.ஆர். வாரியம் அதை 'நலிந்த நிறுவனம்' என்று அறிவித்தது. 2000இல் கலைத்துவிடலாம் என்றது. 2001 பிப்ரவரி 28 கடைசி நாள். வேலையில் இருந்தவர்கள் 3,500 பேருக்கு மேல். ஒரு காலத்தில் 20,000க்கும் மேல் ஆள் வேலை பார்த்த இடம்.

மூடும்போது பேரம் நடந்தது எதைப் பற்றி என்று பாருங்க. எத்தனை மாதச் சம்பளம், கிராஜுவிட்டி, பாக்கி, வீடு யாருக்கு. இதெல்லாம் எண்ணி, பெருக்கி, காசோலை எழுதக்கூடியவை. ஆஸ்பத்திரி எண்ண முடியாத விஷயம். அதற்குத் தனி மூடல் உத்தரவுகூடத் தேவையில்லை, ஏன்னா அது தனி நிறுவனமே இல்லை, கம்பெனியின் ஒரு டிபார்ட்மென்ட். சம்பளக் கணக்குப் பிரிவு நின்ற மாதிரி அதுவும் நின்றது. டாக்டர் கம்பெனி ஊழியர், நர்ஸ் கம்பெனி ஊழியர், எக்ஸ்ரே மெஷினுக்கு வருகிற கரண்ட் கம்பெனி கரண்ட்.

அந்த 2001ஐக் கொஞ்சம் கற்பனை பண்ணிப் பாருங்க. ஆயுஷ்மான் பாரத் வருவதற்கு இன்னும் 17 வருஷம். தமிழ்நாட்டில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்ததே 2009இல். 50 வயது, இருமல், மூச்சு வாங்குகிறது. இப்படி ஒருத்தர் தனியார் இன்சூரன்ஸ் வாங்கப் போனால் எந்தக் கம்பெனியும் கொடுத்திருக்காது. வயதில் சின்னவர்கள் காலையில் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி பெங்களூருவுக்கு வேலைக்குப் போக ஆரம்பித்தார்கள். ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர். இன்றும் போகிறார்கள். அங்கே ஆயத்த ஆடை, செக்யூரிட்டி, கட்டிட வேலை. அவர்களில் சிலருக்கு ஈ.எஸ்.ஐ. கிடைத்திருக்கும். வீட்டில் இருக்கிற அப்பாவின் நுரையீரல் எந்தப் பழைய பாறையால் போனதோ, அந்தப் பாறைக்கு அந்த நிதியில் கணக்கு இல்லை. ஊரைச் சுற்றி இன்னொரு மிச்சமும் இருக்கு: தங்கத்தைப் பிரிக்கச் சயனைடு பயன்படுத்திக் கொட்டிய கழிவு மண், குன்று குன்றாக, கோடிக்கணக்கான டன். காற்றடிக்கும் மாதங்களில் அது தெருவுக்கு வரும். கம்பெனி போய்விட்டது, தூசி போகவில்லை.

இதில் எனக்குக் கோபம் வருகிற இடம் வேறு. சுரங்கம் மூடுவதற்கு 6 வருஷம் முன்னாடியே, 1995 ஜனவரியில், உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொல்லியிருந்தது. ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்களுக்காக ஒரு நுகர்வோர் அமைப்பு தொடுத்த வழக்கு. ஆஸ்பெஸ்டாஸும் சிலிக்கா மாதிரிதான், பல வருஷம் கழித்து நுரையீரலைப் பிடிக்கும். வேலையில் இருக்கும்போது மட்டுமல்ல, ஓய்வுக்குப் பிறகும் தொழிலாளியின் ஆரோக்கியமும் மருத்துவ உதவியும் அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவின் கீழ் அடிப்படை உரிமை என்று நீதிமன்றம் சொன்னது. வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 வருஷம், அல்லது ஓய்வுக்குப் பிறகு 15 வருஷம், எது பிந்தியதோ அதுவரை மருத்துவப் பதிவுகளை வைத்திருக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. நோயின் குணத்தைப் புரிந்துகொண்டு எழுதிய தீர்ப்பு. ஆனால் உரிமையைச் சொன்ன தீர்ப்பால், முதலாளியே இல்லாமல் போனால் பில்லை யார் கட்டுவது என்கிற ஏற்பாட்டை உண்டாக்க முடியவில்லை. பி.ஜி.எம்.எல். விஷயத்தில் முதலாளி இல்லாமலும் போகவில்லை. அந்த முதலாளி இந்திய அரசு. டெல்லியில் அதே இடத்தில்தான் இருந்தது.

வேறு எங்காவது வேறு மாதிரி செய்திருக்காங்களா? ஜெர்மனியில். 1260ஆம் ஆண்டு ஆவணம் ஒன்றிலேயே சுரங்கத் தொழிலாளர்களின் உதவிச் சங்கம் ஒன்றைப் பற்றிய குறிப்பு இருக்கு. 'க்னாப்ஷாஃப்ட்' என்று பெயர். காயம் பட்டவனுக்கு, விதவைக்கு என்று சுரங்கக்காரர்கள் ஒரு பெட்டியில் காசு போட்ட பழக்கம். 1883இல் பிஸ்மார்க் உடல்நலக் காப்பீட்டைச் சட்டமாக்குவதற்கு 600 வருஷம் முன்னாடி. பெட்டி சுரங்க முதலாளியுடையது இல்லை, தொழிலுடையது. 2018 டிசம்பரில் ஜெர்மனியின் கடைசி ஆழ்நிலக்கரிச் சுரங்கத்தை மூடினார்கள். கடைசி நிலக்கரித் துண்டை ஜனாதிபதி கையில் கொடுத்தார்கள், பலர் அழுதார்கள். ஆனால் க்னாப்ஷாஃப்ட் அன்றைக்கு மூடவில்லை. அதற்குள் அது எல்லாரும் சேரக்கூடிய பொதுக் காப்பீடாக மாறியிருந்தது. ஆழ்நிலக்கரிச் சுரங்கமே இல்லாத நாட்டில் சுரங்கக்காரர்களின் காப்பீடு ஓடுகிறது.

அமெரிக்கா நம்ம பக்கம். அங்கே வைத்தியம் முதலாளியோடு ஒட்டினது. பேட்ரியாட் கோல் என்கிற நிலக்கரிக் கம்பெனி 2012இல் திவால் மனு போட்டது. 2013 மே மாதம் திவால் நீதிமன்றம், ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளர்களின் மருத்துவச் சலுகையை வெட்ட அனுமதி கொடுத்தது. அவர்களில் பலர் பேட்ரியாட்டில் ஒரு நாள்கூட வேலை பார்த்ததில்லை. பெரிய கம்பெனிகள் பழைய சுரங்கங்களையும் அதோடு சேர்ந்த ஓய்வூதியச் சுமையையும் தனியாகப் பிரித்து இந்தக் கம்பெனியின் தலையில் கட்டியிருந்தன. பல வருஷம் போராடி, 2017இல்தான் நாடாளுமன்றம் 20,000க்கும் மேற்பட்டவர்களின் மருத்துவச் செலவுக்கு நிரந்தர வழி செய்தது. கம்பெனியைப் பிரித்து விற்கும்போது வாக்குறுதி எந்தத் துண்டோடு போகிறது என்று பார்க்கணும்.

இப்போ நெய்வேலிக்குத் திரும்புவோம். அங்கே ஆஸ்பத்திரி ஓடுகிறது, கம்பெனி லாபத்தில் இருக்கிறது. ஆனால் கொஞ்சம் உள்ளே பார்த்தால் இரண்டு மூன்று கோடுகள் தெரியும்.

முதல் கோடு, யார் 'கம்பெனி ஆள்' என்பது. ஒரே சிம்னிக்குக் கீழே நிரந்தரத் தொழிலாளியும் ஒப்பந்தத் தொழிலாளியும் வேலை பார்க்கிறார்கள், இருவரின் எண்ணிக்கையும் ஆயிரக்கணக்கில். 2014 செப்டம்பரில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்கும் மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். பணி நிரந்தரம் முக்கியக் கோரிக்கை. வெளியிலிருந்து பார்த்தால் சம்பளச் சண்டை மாதிரி இருக்கும். டவுன்ஷிப்பை அறிந்தவர்களுக்கு 'நிரந்தரம்' என்கிற வார்த்தைக்குள் குவார்ட்டர்ஸ், ஸ்கூல், அப்பா அம்மாவின் வைத்தியம் எல்லாம் அடக்கம் என்று தெரியும். 2020 ஜூலை 1 அன்று இரண்டாவது அனல்மின் நிலையத்தில் பாய்லர் வெடித்து அன்றைக்கே 6 பேர் இறந்தார்கள். தீக்காயம் பட்டவர்களைச் சென்னைக்குக் கொண்டு போனார்கள். அதே நிலையத்தில் மே 7ஆம் தேதியும் விபத்து. நெருப்பு அடையாள அட்டையின் நிறம் பார்ப்பதில்லை.

ஈ.எஸ்.ஐ.யிலும் ஒரு வினோதம் உண்டு, இது நெய்வேலிக்கு மட்டுமில்லை. போராடி சம்பளத்தை உயர்த்திக்கொண்டு 21,000 உச்சவரம்பைத் தாண்டினால், அந்தப் பங்களிப்புக் காலம் முடிந்ததும் ஈ.எஸ்.ஐ.யிலிருந்து வெளியே. சம்பள உயர்வே காப்பீட்டை எடுத்துவிடும். 2017 ஜனவரியில் அந்த எண்ணை வைத்தார்கள், அதற்குப் பிறகு விலைவாசி எங்கே போயிருக்கு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது கோடு ஓய்வுபெற்றவர்கள். மத்தியப் பொதுத்துறையில் 2007க்கு முன் ஓய்வு பெற்றவர்களின் மருத்துவத்துக்கான நிதியை எதிலிருந்து எடுக்கச் சொல்கிறது அரசு விதி தெரியுமா? வரிக்கு முந்தைய லாபத்தில் 1.5 சதவீதம். லாபத்தில். லாபம் இருக்கிற வருஷம் பாட்டியின் கண் ஆபரேஷனுக்கு நிதி சேரும், இல்லாத வருஷம் சேராது. பாட்டியின் கண் கம்பெனியின் காலாண்டு முடிவுகளைப் படிப்பதில்லை.

மூன்றாவது, நிலத்துக்கு அடியில் இருப்பது. 1962இல் தொடங்கிய முதல் அனல்மின் நிலையம் 2020 செப்டம்பரோடு நின்றுவிட்டது. கம்பெனி பெயரிலிருந்தே 'லிக்னைட்' போய் 2016இலிருந்து என்.எல்.சி. இந்தியா ஆகிவிட்டது. சோலார் பக்கமும் போகிறார்கள். சோலார் பண்ணைக்கு ஒரு ஊர் அளவு ஆள் தேவையில்லை. ஊர் இல்லை என்றால் ஊர் ஆஸ்பத்திரி? 2013இல் மத்திய அரசு 5 சதவீதப் பங்கை விற்கப் போனபோது நெய்வேலியே வேலைநிறுத்தத்தில் இறங்கியது. கடைசியில் விற்கப்பட்ட பங்குகளைத் தமிழ்நாடு அரசின் நிறுவனங்களே வாங்கின. வெறும் 5 சதவீதத்துக்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று அப்போது டிவியில் கேட்டார்கள். கோலாரின் கதை தெரிந்தவர்களுக்கு அந்தக் கேள்வி வராது.

உங்களுக்கு ஒன்று மட்டும் நடுவில் சொல்லிடறேன், ஏன்னா மெயிலில் இதைத்தான் அதிகம் கேட்கிறீங்க. வேலை போகும்போது குரூப் பாலிசியிலிருந்து அதே இன்சூரன்ஸ் கம்பெனியின் தனிநபர் அல்லது குடும்பப் பாலிசிக்கு மாறிக்கொள்ளக் கேட்கும் உரிமை ஐ.ஆர்.டி.ஏ.ஐ. விதிகளில் இருக்கு. குரூப்பில் கழித்த காத்திருப்புக் காலம் கணக்கில் சேரும். ஆனால் அவங்க உங்க உடல்நிலையைப் பார்த்து பிரீமியம் சொல்வாங்க, ஏற்கணும் என்ற கட்டாயமும் இல்லை. அதனால் கடைசி நாளுக்கு முன்பே எழுத்தில் கேளுங்க. ஹெச்.ஆர். இதைத் தானாகச் சொல்வது அபூர்வம். அப்பா அம்மாவுக்கு மாநிலக் காப்பீட்டு அட்டைக்குத் தகுதி இருக்கா என்றும் பாருங்க.

கோலாருக்கு ஒரு பின்கதை இருக்கு. 20 வருஷம் பூட்டிக் கிடந்தது அந்த பி.ஜி.எம்.எல். ஆஸ்பத்திரி. கூரை ஒழுகி, செடி முளைத்து, வார்டுகளில் தூசி. 2021இல் கொரோனா இரண்டாவது அலை வந்தது. பெங்களூருவில் படுக்கை இல்லை, ஆக்சிஜன் இல்லை. கே.ஜி.எஃப்.காரர்களுக்குப் பக்கத்தில் பெரிய ஆஸ்பத்திரி எது என்று யோசித்தால், இருந்தது இந்தப் பூட்டிய கட்டிடம்தான். ஊர்த் தன்னார்வலர்கள் நூற்றுக்கணக்கில் இறங்கினார்கள். துடைப்பம், மண்வெட்டி, பெயின்ட். குப்பையை அள்ளினார்கள், பழைய கட்டில்களைத் தேய்த்து எடுத்தார்கள், கரண்ட் லைனைச் சரிசெய்தார்கள். ஏறத்தாழ இரண்டு வாரத்தில் சுமார் 300 படுக்கை போடக்கூடிய கொரோனா மையமாக அதைத் தயார் செய்துவிட்டார்கள். கம்பெனியின் ஆஸ்பத்திரியைக் கம்பெனி இல்லாமல், அந்தக் கம்பெனியின் தொழிலாளர்கள் வாழ்ந்த ஊரே திறந்தது.